அறுபத்திரண்டில் ஆடும் கார்

பேராசிரியரின் கார் ஆட ஆரம்பித்து அன்றோடு பத்தொன்பது நாள், நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. கணக்கு அவருடையதுதான். டாஷ்போர்டில் ஒட்டிய தாளில் தினமும் அடித்துத் திருத்துவார்.

"டம்ளரை ஆடாம பிடி," என்றார், வேகமானி முள்ளைப் பார்த்தபடியே பக்கத்தில் இருந்த மனைவியிடம். "ஐம்பத்தெட்டு... அறுபது... அறுபத்திரண்டு!"

டம்ளரில் இருந்த தண்ணீர் முதலில் சிலிர்த்தது. பிறகு தளும்பி அவள் புடவையில் கொட்டியது. இருக்கைக்கு அடியில் யாரோ உட்கார்ந்து உறுமுவது போல ஓர் அதிர்வு.

"எத்தனைல ஆடுதுங்க?"

"அறுபத்திரண்டுல! தினம் இதே கேள்வி. சொன்னா மட்டும் உனக்கு என்ன புரியப் போகுது?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

ஓய்வு பெறும்வரை அவர் இயற்பியல் பேராசிரியர். வேலை ஓய்ந்தபிறகும் வகுப்பு ஓயவில்லை. மாணவர்கள்தான் ஒருத்தியாகக் குறைந்துவிட்டார்கள். வண்டியை நியூட்ரலுக்குத் தள்ளி உருட்டினார்.

"பாரு, கியர் இல்லாமலும் ஆடுது. அப்ப எஞ்சின் இல்லை. ஸ்டியரிங் ஆடலை, சீட்டுதான் ஆடுது. அப்ப முன் சக்கரமும் இல்லை. மிச்சம் என்ன?"

"நான்தாங்க," என்றாள் அவள், புடவையைப் பிழிந்துகொண்டே.

"ஷாஃப்ட்! எஞ்சின் முன்னால இருக்கு, ஓடுறது பின் சக்கரம். நடுவுல நீளமா ஒரு ஷாஃப்ட் சுத்துது. கோளாறு அதுலதான். அந்த மெக்கானிக் என்னடான்னா வண்டிக்கு வயசாச்சுங்கறான். எனக்கும்தான் வயசாச்சு, நான் ஆடறேனா?"

அவள் கழுத்தைத் தடவிக்கொண்டாள். ஒரு மாதத்துக்கு முன்வரை அந்தக் கழுத்தில் பட்டை இருந்தது. ஓரமாக நின்றிருந்த வேனில் இவர் தொண்ணூறில் போய் மோதியதில் கிடைத்த பட்டை. வேன் அங்கே நின்றிருக்கவே கூடாது என்பது பேராசிரியரின் ஆய்வு முடிவு.

இந்த அவசரத்துக்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை. மகள் வீட்டுக்குப் போய் ஐந்து வயதுப் பேத்தியை விடுமுறைக்கு அழைத்துவர வேண்டும். பேத்தி தாத்தாவின் காரில் ஏறப்போவது இதுதான் முதல் முறை. இருநூற்று முப்பது கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்தில் கடப்பேன் என்று மருமகனிடம் சவால் விட்டிருந்தார். அறுபதில் ஊர்ந்தால் நான்கு மணி நேரம் ஆகும். மருமகன் வாயை மூடிக்கொண்டு சிரிப்பான்.

காரை நேராகப் பட்டறைக்கு விட்டார். மெக்கானிக் பதினைந்து வருடமாக இதே காரைப் பார்ப்பவர். இருபது நாளுக்கு முன் ஷாஃப்டை இறக்கி, தேய்ந்துபோன கிராஸ் இணைப்பை மாற்றிப் பூட்டியவரும் அவர்தான். அன்று பேராசிரியர் ஜுரத்தில் படுத்திருந்தார். சாவியைக் கொடுத்து வண்டியை அனுப்பியது மனைவி.

"டயர் பார்த்தாச்சு, ரப்பர் பார்த்தாச்சு சார். பழைய வண்டி, கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அறுபதுலயே போங்களேன்."

"அறுபதுல போறதுக்குக் கார் எதுக்குய்யா? மாட்டு வண்டி போதுமே! முதல்ல இதை மேல தூக்கு."

வண்டி மேலே ஏறியது. பேராசிரியர் டார்ச்சுடன் அடியில் புகுந்தார். ஷாஃப்ட் இரண்டு துண்டாக, பல் பல்லான வரிகளில் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தது. கழற்றுவதற்கு முன் இரண்டு துண்டுக்கும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துக்கொள்வார்கள். கோடு விலகினால் வேகத்தில் வண்டி ஆடும்; விலக விலக, குறைந்த வேகத்திலேயே ஆடும். திரும்பப் பூட்டும்போது அது ஒரே நேராக வர வேண்டும்.

வரவில்லை.

"ஒரு பல்லு தள்ளிப் பூட்டியிருக்கே!" பேராசிரியர் போட்ட சத்தத்தில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. "ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைகூட கோட்டுக்குக் கோடு சேர்த்துடுமேய்யா! எத்தனை வருஷமா ஸ்பானர் பிடிக்கிறே? உன்னை நம்பி ஒரு சைக்கிள் பெடலைக் கொடுக்கலாமா?"

மெக்கானிக் தலை நிமிரவில்லை. கையில் இல்லாத கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தப்புதான் சார். அரை மணி நேரத்துல கழட்டிப் பூட்டிடறேன்."

பேராசிரியர் மனைவி பக்கம் திரும்பினார். "பார்த்தியா? பத்தொன்பது நாளா நான் என்ன சொன்னேன்? ஷாஃப்ட்டுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. உங்க கணக்கு என்னைக்குத் தப்பியிருக்கு?"

நாற்பது வருட இல்லறத்தில் அவள் இப்படி ஒப்புக்கொண்டதே இல்லை. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"இரண்டரைகூட இல்ல மாப்பிள்ளை, ரெண்டேகால்! பிள்ளையை ரெடி பண்ணி வைங்க, பறந்து வந்துடுவோம்!"

மெக்கானிக் ஷாஃப்டை இறக்கித் தரையில் வைத்தார். அவள் பக்கத்தில் வந்து நின்று, விலகிக் கிடந்த இரண்டு வெள்ளைக் கோடுகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இப்ப என்னம்மா செய்யட்டும்?" என்றார் மெக்கானிக், குரலைத் தாழ்த்தி.

அவள் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"போன தடவை ஒரு பல்லுதானே தள்ளச் சொன்னேன் தம்பி? இந்தத் தடவை ரெண்டு தள்ளு. பழைய கோட்டை அழிச்சிட்டு, புதுக் கோட்டை அதுக்கப்புறமா நேரா போடு."