நாலாம் பிறைக்கு வந்தவர்கள்

மழையால் எங்கள் குடியிருப்பின் இலவச வானியல் திருவிழா ஒரு நாள் தள்ளிப்போக, தொலைநோக்கி நாலாம் பிறையை நோக்கி நின்றது. நாலாம் பிறையைப் பார்த்தால் நாய் படாத பாடு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மன்றச் செயலாளர் தெய்வசிகாமணி வீடு வீடாக வந்து அழைத்திருந்தார். மறுக்க யாருக்கும் வாய் வரவில்லை. குடும்பம் குடும்பமாக வந்து குனிந்தோம். கண்ணை இறுக மூடிக் குழாயில் வைத்தோம். "அருமையா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுச் சுண்டல் வாங்கப் போனோம். நூற்று நாற்பது பேர். தெய்வசிகாமணிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

கடைசியாக, சர்ச்சிலிருந்து நேராக வந்த அமலோற்பவம் டீச்சர் மட்டும் வெகுநேரம் குனிந்திருந்தார்.

"ஒண்ணுமே தெரியலையே சார். ஒரே கருப்பா இருக்கு."

தெய்வசிகாமணி குழாயின் முன்பக்கம் போய்த் தடவினார். மூடி கழற்றப்படாமலே இருந்தது. சுண்டல் மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"மொதல்ல நீங்க பாத்துட்டுத்தானே சார் எங்களக் கூப்பிட்டீங்க?" என்றார் டீச்சர்.

தெய்வசிகாமணி தரையைப் பார்த்தபடியே மூடியைக் கழற்றினார்.

"பாத்தேன் டீச்சர்," என்றார். "அருமையா இருந்துச்சு."