ஜட்ஜ் வாங்கிய பிஸ்கெட்

வெளியே நடக்க முடியாத அளவுக்குக் குளிரா என்பதை அந்த வீட்டில் நாய்தான் முடிவு செய்யும். அதனாலேயே அதற்கு ஜட்ஜ் என்று பெயர். கதவைத் திறந்ததும் அது படியிறங்கினால் நடைப்பயிற்சி உண்டு. திரும்பி வந்துவிட்டால் கிடையாது.

இந்த வாரம் முழுக்க அது திரும்பித்தான் வந்தது. இன்றும் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, கணவனின் காலடிக்கே ஓடி வந்தது.

“பாத்தியா? ஜட்ஜே சொல்லியாச்சு. போய்ப் படு” என்றான் அவன்.

ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ஷூவின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். நாய் அவன் பைஜாமா பாக்கெட்டை முகர்ந்து வாலாட்டியது.

“ஏங்க, அந்தப் பாக்கெட்ல என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா இப்படி ஜொள்ளு விடுது? ஜட்ஜுக்கே லஞ்சமா? உங்க சோம்பேறித்தனத்துக்கு ஒரு அளவே இல்லையா?”

பிஸ்கெட் வெளியே வந்தது. அவன் குரல் இறங்கியது.

“எனக்காக இல்லம்மா. படியெல்லாம் பனி உறைஞ்சு கிடக்கு. நீ மறுபடியும் விழுந்துட்டா என்னால தாங்க முடியாது.”

“விழுந்தா எந்திரிச்சுக்கறேன். உள்ளேயே உக்காந்திருந்தா நடை எப்படிப் பழகும்? அதை எடுங்க.”

அலமாரி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த செயற்கைக் காலை அவன் எடுத்து வந்தான். இன்னொரு ஷூவை அதில் அவள் ராத்திரியே மாட்டி வைத்திருந்தாள்.

பட்டையை இறுக்கிக்கொண்டு எழுந்தவள், வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“உங்களுக்கு ரெண்டு காலும் குளிரும், வேணும்னா வீட்ல இருங்க. எனக்கு ஒரு கால்தானே!”