ஜன்னலோர மெத்தை

பெகிமாய் மெத்தையில் மல்லாந்து படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணச் சீர் வாங்க வந்த பெண்ணின் முகத்தில் களையே இல்லை.

"எப்படிம்மா இருக்கு? மெத்துன்னு இருக்கா?" என்று கேட்டாள் கடைக்காரி கனிஷாய்.

"இருக்கு."

"கொஞ்சம் கெட்டியா இருக்கோ?"

"இருக்கு."

கனிஷாய்க்குச் சிரிப்பு வந்தது. கிர்கிஸ் தலைநகர் பிஷ்கேக்கில் எத்தனையோ கல்யாணப் பெண்களைப் பார்த்தவள் அவள். குதிப்பார்கள், உருளுவார்கள், வெட்கப்பட்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிவார்கள். இப்படி ஒரு பெண்ணைப் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் கடையிலேயே உசத்தியான மெத்தைகள் இவை. ஸ்பிரிங் கிடையாது, ரப்பர் நுரை கிடையாது. 'சூசமிர்' முழுக்க ஆட்டு ரோமம், 'அலாய்' குதிரைவால் முடி, ஜன்னலோரம் கிடக்கும் 'தலாஸ்' ஒட்டகக் குட்டியின் ரோமம். ஊர்ப் பெயர் வைத்தால் சனங்களுக்கு மறக்காது என்பது முதலாளியின் கணக்கு.

"அடுத்ததுல படுத்துப் பாரு, போ" என்றாள் கூட வந்திருந்த ஊல்கான். கம்பளிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"சரிம்மா" என்று எழுந்து போனாள் பெண்.

அவள் தள்ளிப் போனதும் ஊல்கான் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தப்பா நினைக்காதே கண்ணு. எனக்கு இருந்தது ஒரே பையன். மலைப்பாதையில லாரி கவுந்து போய்ச் சேந்துட்டான். போன மாசம்தான் வருஷச் சாப்பாடு போட்டு முடிச்சோம்."

"அடப் பாவமே! அதான் பொண்ணு இப்படி இருக்காளா? அண்ணன்மேல ரொம்பப் பாசமோ?"

ஊல்கான் கடைக்காரி கொடுத்த தேநீரை ஒரு வாய் குடித்தாள்.

"நல்ல இடம் ஒண்ணு வந்திருக்கு. பையன் தங்கமானவன். உனக்குச் சம்மதமான்னு கேட்டா, 'உங்க இஷ்டம்மா'ங்கிறா. ரொட்டி வேணுமான்னாலும் அதேதான். இது வேணும்னு வாய் திறந்து எதையும் கேட்டு ஒரு வருஷமாச்சு. இன்னைக்கு மெத்தையாவது கேக்கட்டும். கேட்டா கல்யாணம் நடக்கும். இல்லேன்னா மாப்பிள்ளை வீட்டுக்கு இப்பவே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடுவேன். மரக்கட்டையையா அடுத்த வீட்டுக்கு அனுப்பி வைக்கிறது?"

மெத்தை விற்கிறதோ இல்லையோ, இந்தப் பெண் ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும் என்று கனிஷாய்க்கு இருந்தது.

பெகிமாய் ஜன்னலோர மெத்தைக்கு வந்திருந்தாள். மல்லாந்து படுத்தவள் மெல்ல ஒருக்களித்தாள். கன்னத்துக்கு அடியில் கையை வைத்துக்கொண்டாள். கண்கள் மூடின. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் அவளை எழுப்பவில்லை.

அவளாக எழுந்து வந்ததும் ஊல்கான் கேட்டாள்: "எது வேணும்?"

"உங்க இஷ்டம்மா."

ஊல்கான் பையைத் திறந்து போனை வெளியே எடுத்தாள். கனிஷாய் குறுக்கே வந்தாள்.

"இரும்மா, இரு! ஏன் தாயி, உனக்குன்னு ஒண்ணு பிடிச்சிருக்கும்ல? மூணுல எது எப்படின்னாவது சொல்லேன்."

பெகிமாய் யோசித்தாள். "சூசமிர் கொஞ்சம் சூடு. அலாய் முதுகைத் தள்ளுது. அந்த ஜன்னலோரத்துல இருக்கிறது..." என்று நிறுத்தினாள்.

"அதுக்கும் ஒரு பேர் இருக்கு. சொன்னா வாய் வலிக்குமா?" என்றாள் ஊல்கான்.

பெகிமாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். கூம்புத் தொப்பியிலும் தோளிலும் பனி. "முடிஞ்சுதா? வண்டி ஆறிப்போச்சுன்னா அப்புறம் கிளம்பாது" என்றார் ஊல்கானிடம்.

இப்போதைக்கு ரசீதையாவது ஆரம்பித்துவிட்டால் நல்லது என்று கனிஷாய் பேனாவை எடுத்தாள். "வீட்டுக்கு அனுப்பறதுக்கு ஒரு பேர் வேணும் ஐயா, சொல்லுங்க."

"தலாஸ்."

"மெத்தை பேர் இல்லீங்க. உங்க பேரு."

"அதாம்மா என் பேரு."

கனிஷாய் கைதட்டிச் சிரித்தாள். "இந்தக் கூத்தைப் பாருங்க! அப்பா பேரையே மறந்துட்டு நிக்குது பொண்ணு!"

யாரும் சிரிக்கவில்லை.

"அவ மறக்கல" என்றாள் ஊல்கான். எழுந்து வந்து பெகிமாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லு."

பெகிமாய் பெரியவரைப் பார்த்தாள்.

"சொல்லும்மா, பரவாயில்ல" என்றார் அவர்.

உதடுதான் அசைந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது.

"தலாஸ்." எச்சிலை விழுங்கிக்கொண்டாள். "எனக்குத் தலாஸ் வேணும்மா."

பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். ஊல்கான் போனைப் பைக்குள் போட்டாள்.

கனிஷாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "பெத்த அப்பா பேரு. அதைச் சொல்றதுக்கா இவ்வளவு பாடு?"

"மாமனார் பேரை எந்த மருமக வாய்விட்டுச் சொல்லுவா? போன மாசம் வரைக்கும் இவ எனக்கு மருமக, கண்ணு."