ஏழாம் வளைவின் ஈரம்

திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கச் சாலையின் ஏழாம் வளைவில் வடிகால் வெட்டச் சொல்லி, சாலையைச் சமன்படுத்தும் கிரேடர் ஓட்டுநர் மூன்று முறை எழுதிக் கொடுத்தார். "பாத்துக்கலாம்யா" என்று இன்ஜினியர் தட்டிக் கழித்தார். மழைக்கு அங்கே தேங்கிய சேற்றில் வழுக்கித்தான் ஓட்டுநருடைய மச்சானின் டம்பர் லாரி பள்ளத்தில் விழுந்தது; ஆள் பிழைக்கவில்லை. 'ஓட்டியவரின் கவனக்குறைவு' என்று கை கூசாமல் அறிக்கை எழுதினார் இன்ஜினியர். மச்சானுக்கா கவனக்குறைவு!

அதன்பின் ஒரு மாதமாக மழையே இல்லை. ஆனாலும் தினமும் காலையில், பள்ளத்திலிருந்து ஏறி வந்த ஈரமான டயர் தடம் ஒன்று சாலையில் கிடந்தது. ஓட்டுநர் அதை வழித்துச் சமன் செய்வார். மறுநாள் அது அலுவலகத்தை நோக்கி இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும்.

இன்று இன்ஜினியர் ஆள்விட்டுக் கூப்பிட்டார்.

"என்னய்யா ரோடு போடுற? என் ரூமெல்லாம் சேறு!"

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். வாசலின் அகலம் மூன்றடி. உள்ளே கிடந்த தடத்தின் அகலம் நாலடி. கதவு நிலையில் ஒரு கீறல்கூட இல்லை. தடம் நேராகப் போய் இன்ஜினியரின் நாற்காலிக்கு முன்னால் நின்றிருந்தது.

"இந்த வாசல்ல கிரேடர் நுழையாது சார். நீங்களே பாத்துக்கங்க."

தடத்தின் முனையில் தண்ணீர் ஊறி, நாற்காலியைச் சுற்றித் தேங்கத் தொடங்கியது. அந்த அறையிலும் வடிகால் இல்லை.