பரிபூரணம் சர்ஜிகல்ஸ்

“பரிபூரணம் சர்ஜிகல்ஸ்தானே மேடம்? ஒரு பேக்கிங் மெஷின் விஷயமாப் பேசணும்.”

2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ரமீஜாவின் மேஜை டிராயருக்குள் கிடந்த பழைய போனில் அந்த அழைப்பு வந்தது. நாலு மாதமாகச் சார்ஜ் ஏற்றி ஏற்றி அவள் காத்திருந்த அழைப்பு.

“என் நம்பர் உங்களுக்கு எங்க கிடைச்சது?”

“ராஜபாளையத்துல சாம்சன்னு ஒருத்தர் லிஸ்ட் போட்டு விக்கிறாரு. அதுல இருந்துச்சு மேடம்.”

பரிபூரணம் சர்ஜிகல்ஸ் என்று ஒரு கம்பெனி எங்கேயும் கிடையாது. அதை உண்டாக்கியவள் ரமீஜா.

பட்டியல் தொகுத்துக் கொடுப்பது அவள் தொழில். அரசு இணையதளங்கள், ஜி.எஸ்.டி. பதிவுகள், வியாபாரிகள் சங்கத்து டைரி என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் யாரும் உட்கார்ந்து பார்க்காத இடங்களிலிருந்து பெயர்களைத் திரட்டி, கேட்பவருக்கு வேண்டிய விதத்தில் அடுக்கித் தருவாள். சத்திரப்பட்டி வட்டாரத்தில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களின் பட்டியலை ஒரு சென்னை நிறுவனம் கேட்டிருந்தது. மூன்று மாத வேலை. அரசு அலுவலகம் ஒன்றில் பீரோவைத் திறந்து பழைய பதிவேடுகளை எடுத்துக் கொடுத்த அலுவலருக்கு, எல்லாம் முடிந்தபின் ஊர் வழக்கப்படி ஒரு கிலோ பால்கோவாவோடு போய் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

ஓராண்டுக்கு அந்தப் பட்டியல் வேறு எவர் கைக்கும் போகக் கூடாது என்பது ஒப்பந்தம். போனால், அடுத்து வரவிருந்த தென்மாவட்டங்கள் முழுவதற்குமான வேலை கிடைக்காது. அதனால்தான் எலிப்பொறியில் கருவாடு வைப்பதுபோல், இல்லாத கம்பெனி ஒன்றை 118-வது இடத்தில் செருகி, பழைய போன் எண்ணைப் போட்டு வைத்தாள். அது அவளுக்கு மட்டுமே தெரியும். லிங்கேஸ்வரனுக்குக்கூடத் தெரியாது.

லிங்கேஸ்வரன் ஆறு வருடமாக அவளிடம் வேலை பார்ப்பவன். தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவன். அவன் பஸ் ஏறும் இடத்துக்கு எதிர்மாடிதான் சாம்சனின் அலுவலகம். பொங்கலுக்கு முன்னால் இருவரும் ஒரே டீக்கடையில் நின்றதை ரமீஜா பார்த்திருக்கிறாள். மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லி ஒருநாள் பென் டிரைவை வீட்டுக்குக் கொண்டுபோனான். யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக வந்து அவன்மேல் ஒட்டிக்கொண்டது.

அவனைக் கூப்பிட்டாள். நம் பட்டியல் சாம்சனிடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

“நான் கொடுக்கலக்கா.”

“அப்ப அது தானா நடந்து ராஜபாளையம் போயிருச்சா?”

அவன் தன் குறிப்பு நோட்டை எடுத்துப் பிரித்தான். பிறகு, “எந்தப் பேரை வெச்சுக் கண்டுபிடிச்சீகன்னு சொல்லுங்க. எங்கேருந்து போச்சுன்னு நான் தேடித் தாரேன்,” என்றான்.

ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அது எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்று குறிக்க வேண்டும் என்பது அவள் அவனுக்குப் பழக்கிய பாடம். ஆனால் பொறி எங்கே இருக்கிறதென்று எலியிடமே சொல்வார்களா? அவள் சொல்லவில்லை. நாளை முதல் வர வேண்டாம் என்றாள். அவன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

வெள்ளிக்கிழமை அவளே ராஜபாளையம் போனாள். சாம்சனின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் லிங்கேஸ்வரன் உட்கார்ந்திருந்தான்.

“மூணே நாள்ல நாற்காலி கிடைச்சிருச்சு போல,” என்றாள் ரமீஜா.

“நேத்துதான் சேந்தான் தங்கச்சி. வேலை இல்லாமப் பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு இருந்தான். நான்தான் கூப்பிட்டேன்,” என்றார் சாம்சன்.

“அண்ணாச்சி, உங்க பேண்டேஜ் லிஸ்ட்ல பரிபூரணம் சர்ஜிகல்ஸ்னு ஒண்ணு இருக்கும். அது நான் வெச்ச பொறி. அப்பிடி ஒரு கம்பெனியே கிடையாது.”

சாம்சனின் முகம் மாறியது. அவர் லிங்கேஸ்வரனைப் பார்த்தார்.

“இந்தப் பேரை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்க்கா,” என்றபடி அவன் தட்டச்சு செய்தான். பெயர் வந்தது. அதற்கு எதிரே சாம்சனும் குறித்து வைத்திருந்தார்: அரசு இணையதளம், ஜனவரி 6. லிங்கேஸ்வரன் அந்தப் பக்கத்தைத் திறந்தான். மேலே அரசு முத்திரை. கீழே வரிசையாக நெசவுக் கூடங்கள். 118-வது இடத்தில் பரிபூரணம் சர்ஜிகல்ஸ், பழைய போன் எண்ணோடு.

“சர்க்கார் போட்டதைத்தான் எடுத்தேன் தங்கச்சி. அது ஊருக்கே பொது,” என்றார் சாம்சன்.

“சர்க்காருக்கு யாரு கொடுத்தா?” ரமீஜாவின் கண் இன்னும் லிங்கேஸ்வரன் மேல்தான் இருந்தது.

அவன் பக்கத்தின் அடிவரைக்கும் போனான். கடைசி வரி பொடி எழுத்தில் இருந்தது: தகவல் உதவி – ரமீஜா டேட்டா சர்வீஸ், ஸ்ரீவில்லிபுத்தூர்.

“பீரோ திறந்துவிட்ட ஆபீசர் தனக்கும் ஒரு காப்பி வேணும்னாரு. நீங்கதான்க்கா பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்தீக. பால்கோவா டப்பாவை நான்தான் தூக்கிட்டு வந்தேன்.”

சென்னை நிறுவனத்தின் அடுத்த வேலை ரமீஜாவுக்கு வரவில்லை. லிங்கேஸ்வரனும் வரவில்லை.