கட்டின் மேல் ஒரு புள்ளி

பிள்ளையின் இடது கால் கட்டின் மேல் கறுப்பாக ஒரு புள்ளி இருந்தது.

சத்தியசீலன் தொப்பியைக் கழற்றி வெயிலை மறைத்துக்கொண்டு, மனைவி மோகனாவின் கைப்பேசிக்குள் தலையை விட்டுவிடுகிறவன் போலப் பார்த்தான். நேற்று இந்தப் புள்ளி இல்லை. சத்தியமாக இல்லை.

ரெம்பாவ் பக்கத்து அந்தச் செம்பனைத் தோட்டத்தில் தண்ணீர் டாங்கி மேட்டுக்கு ஏறினால்தான் லைன் கிடைக்கும். பன்னிரண்டு நாளாக மதியம் இரண்டு மணிக்கு அவன் அங்கே ஆஜர்.

ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்ட மகன் டவுன் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். மோகனாவுக்கு வயிற்றுத் தையல் இன்னும் ஆறவில்லை, மேடேற முடியாது. இவனுக்கோ விடாத இருமல். வார்டு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆகவே அப்பா உத்தியோகம் முழுக்க வீடியோவில்தான்.

வீடியோவில் பிள்ளையைக் காட்டுகிற வார்டு நர்ஸ், மிஸ்ஸி சமீனா, முதல் நாளே சொல்லியிருந்தாள். மிஷின் நம்பரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் பிள்ளையைப் பாருங்கள், எது புதிதாகப் பட்டாலும் சொல்லுங்கள், சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.

அவனிடம் போய் அதைச் சொன்னாளே! செம்பனைக் குலை பழுத்ததா இல்லையா என்று நாற்பது அடி கீழே நின்று சொல்கிற கண் அது. தினமும் கேட்டுக் குடைந்தெடுத்தான். நெற்றியெல்லாம் ஏன் முடி, விளக்கு ஏன் நீலம், தூக்கத்தில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறான். சமீனாவும் சலிக்காமல் பதில் சொன்னாள்.

இன்று புள்ளியைச் சொன்னான்.

அவள் குனிந்து பார்த்தாள். மருந்து ஏறுகிற கால் அது. ஊசி அசையாமலிருக்கப் பலகை வைத்து வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அப்படி எதுவும் இல்லையே என்றாள். இருக்கிறது என்று இவன் சாதித்தான். பெருவிரலுக்குக் கொஞ்சம் மேலே, மிளகு அளவு.

அப்பன் இவ்வளவு சொல்கிறானே என்று அவள் துணியைப் பிரித்தாள்.

பிறகு திரையில் அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. யாரையோ அவசரமாகக் கூப்பிட்டாள். லைன் அறுந்தது.

இருபது நிமிடம். டாங்கியைச் சுற்றிச் சுற்றி வந்தான். வேண்டாத தெய்வமில்லை.

மறுபடி அழைத்தபோது சமீனாவின் குரல் இளகியிருந்தது. ஊசி விலகி, மருந்து தோலுக்கடியில் கசிந்து, பாதம் வீங்க ஆரம்பித்திருந்ததாம். துணி சுற்றியிருந்ததால் வெளியே தெரியவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பாதமே புண்ணாகியிருக்கும் என்றாராம் டாக்டர்.

"கால் தப்பிச்சிருச்சு அண்ணே. ஆனா கட்டுல புள்ளியே இல்ல லா. நீங்க என்னத்தப் பார்த்தீங்க?"

அவனுக்கும் அதுதான் தெரியவில்லை. மோட்டார் சைக்கிளில் இறங்கி வரும்போது வழியெல்லாம் அதே யோசனை. வெயிலில் கண் பூத்துப்போனதா? நிழலா? நிழல் இவ்வளவு கறுப்பாகவா இருக்கும்? இல்லை, முனியாண்டிதான் வந்து காட்டினாரா?

வீட்டில் மோகனாவிடம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். பாதம் வீங்கிய கதையைக் கேட்டு அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு கைப்பேசியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். திரை முகப்பில் வைத்திருந்த படத்தில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

"காலையில பக்கத்து வீட்டு தனலெட்சுமிக்கா இந்தப் படத்தப் பார்த்து, தங்கமாட்டம் இருக்கான்னு சொல்லிட்டுப் போனாங்க. அதான் கன்னத்துல மை வச்சேன்."

திரைக் கண்ணாடிமேல் மை மிளகு அளவுக்குக் காய்ந்து ஒட்டியிருந்தது.

துடைப்பதற்காகச் சட்டை நுனியைத் தூக்கியவன் அப்படியே கீழே விட்டான்.

நாளைக்கு எந்த இடத்தில் வைப்பாய் என்று மோகனாவிடம் கேட்டான்.