கருநாக்கு

“முக்காட்டை எடும்மா!” என்றார் அரங்கத்தின் தலைவர்.

சூனியக்காரி வேஷத்தில் நின்றவள் துணியை விலக்கினாள். உள்ளே இருந்தது தையல்காரர் மகள். அவளுக்கு இதுதான் முதல் மேடை.

தலைவர் தேடியது கதாநாயகியை. போன மாதம் ஒத்திகையில், “இந்த விட்டம் உளுத்துக் கிடக்கு, யார் தலையிலயாவது விழப்போகுது, மாத்துங்க” என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். தலைவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. விட்டம் விழுந்தது, விளக்குப் போடுகிறவரின் கால் முறிந்தது.

உடனே தலைவர், “அவளுக்குக் கருநாக்கு. அவ வாய் வெச்சுத்தான் விழுந்துச்சு” என்று கிளப்பிவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பக்கத்து வீட்டுக்காரி அவளைக் கண்டாலே பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டாள். இனி மேடை ஏறக் கூடாது என்று தடையும் போட்டாயிற்று.

“உன் சம்சாரம் எங்கய்யா?” தலைவர் கதாநாயகியின் கணவரான நீதிபதி வேஷக்காரரிடம் திரும்பினார்.

“வீட்லதாங்க இருக்கா.” அவர் நெஞ்சு வரை தொங்கிய தன் சொந்தத் தாடியைத் தடவிக்கொண்டார். “நாடகம் முழுக்க எனக்கு ஒரே வசனம். சொல்லி முடிச்சதும் நானும் கிளம்பிடுவேன்.”

“அவ நிழல் இங்க பட்டுச்சு, நாளையிலிருந்து நீங்க எல்லாரும் தெருவுலதான் ஆடணும்!”

இயக்குநர் பூம்பூம் மாடாகத் தலையாட்டினார். வேறு அரங்கம் ஏது, பாவம்!

“தாடி ஒட்டுற பசையை எவன்யா எடுத்தது? நேரமாச்சு!” என்று மேக்கப்காரர் கத்தியது கேட்டது. தலைவர் போய் முன் வரிசை நடு நாற்காலியில் சாய்ந்தார்.

திரை விலகியது. உயர்ந்த ஆசனத்தில் அங்கியும் தாடியுமாக நீதிபதி. கீழே கூண்டில் தையல்காரர் மகள்.

“இவ பார்த்தா பால் திரியுது!”

“இவ முணுமுணுத்தா மாடு சாகுது!” என்று சாட்சி வேஷக்காரர்கள் கத்தினார்கள்.

“கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொன்னேன். கெடுத்தது நான் இல்லையே!” என்று அவள் அழுதாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். குத்துகிறதே, பின்னே!

தலைவருக்கு மட்டும் ஒன்றும் குத்தவில்லை. நீதிபதியின் ஒரே வசனத்துக்காகக் காத்திருந்தார். “கொளுத்துங்கள்!” அவ்வளவுதான் தீர்ப்பு.

நீதிபதி எழுந்து, படியிறங்கி, மேடை விளிம்புக்கு வந்தார். தாடியைப் பிடித்து ஓர் இழுப்பு. தாடி கையோடு வந்துவிட்டது.

கட்டுப் போட்ட காலோடு நின்ற விளக்குக்காரர் விளக்குகளை முன் வரிசைப் பக்கம் திருப்பினார்.

“தலைவரே, விட்டம் விழுந்தது உங்க கஞ்சத்தனத்தால, என் நாக்கால இல்ல!”